மேபல் இன்னிக்குக் குதிக்கணும்

...அதெப்படிம்மா செப்டம்பர்ல ரோடியோ வெப்பாங்க? நீயே சொல்லு. ஃபுட்பால் ஆரம்பிச்சாச்சு, சாயங்காலமானா ஸ்வெட்டர் இல்லாம வெளிய தலை காட்ட முடியல, ரெண்டாம் அறுப்புப் புல்லு பாதி வயல்லயே கெடக்கு. இதுல குதிரை அடக்கற ரோடியோவாம். நான் பொறந்ததுலேர்ந்து ஜூலை நாலு, சுதந்திர தினம்னா ரோடியோ, ரோடியோன்னா ஜூலை நாலு. கமிட்டியில உக்காந்திருக்கற புத்திசாலிங்க மாத்திட்டாங்க. ஜூலையில புகையாம். மேற்க காடு எரியுதாம். எரியுதுதான், நான் இல்லேங்கல. போன வருசம் இதே பலகையில உக்காந்திருந்தேன், எதிர்ல நிக்கறது குதிரையா மாடான்னு தெரியல. மைக்குல பேசறவரு இருமி இருமி, எவன் ஜெயிச்சான்னு சொல்லவே இல்ல. நாங்களும் யாருக்குன்னு தெரியாமலே கை தட்டிட்டு வீட்டுக்குப் போனோம். அதுக்காக ரோடியோவைத் தூக்கி செப்டம்பர்ல போடறதா?

உக்காரு, உக்காரு. அங்க இல்ல கண்ணு, இங்க, எனக்கு இடது பக்கம். கொஞ்சம் முன்னால சாஞ்சுக்கோ. இன்னும் கொஞ்சம். வெயில் மூஞ்சியில அடிக்குது. ஆங், அப்படித்தான், அசையாம இரு.

நீ புது கோச்சோட வீட்டுக்காரிதானே? எப்படித் தெரியும்னு கேக்காதே. இந்த ஊர்ல ஒருத்தர் லாரியிலேர்ந்து சோபாவை இறக்கினா, அதுக்கு என்ன கலர் உறைன்னு போஸ்ட் ஆபீஸ்ல பேசிப்பாங்க. உன்னுது பச்சை. பேரு என்ன? மரீசா. நல்ல பேரு. நான் ஐடெல்லா ப்ரெக்கி. பாலத்தைத் தாண்டி, சிவப்புக் கூரை கொட்டகை. ராத்திரி உங்க சமையக்கட்டு ஜன்னல்லேர்ந்து பாத்தா ஒரே ஒரு விளக்கு தெரியும் பாரு, அது நான்தான். நடுவுல வேற வீடே கிடையாது.

உன் வீட்டுக்காரரைப் பத்தி நான் ஒண்ணும் தப்பாச் சொல்ல வரல. நேத்து மேட்ச்சுக்குக்கூடப் போனேன். போகாம என்ன, ஊரே அங்கதானே நிக்குது. ஆனா ஆறு பேர் ஆடற ஃபுட்பாலைப் பாத்தா உனக்குச் சிரிப்பு வந்திருக்குமே? நீங்க முன்னாடி இருந்த ஊர்ல பதினோரு பேர் ஆடுவாங்களோ என்னவோ. இங்க பள்ளிக்கூடத்தையே கவுத்துக் கொட்டினாலும் பதினோரு பையன் தேற மாட்டான். ஒருத்தனுக்குச் சளி பிடிச்சா கோச்சுக்குக் காய்ச்சல் வந்துடும். மானுக்குத் துப்பாக்கி எடுக்கற நாள் வந்ததும் பாரு, பாதிப் பசங்க காலையில மலையில, சாயங்காலம் மைதானத்துல. ஒருத்தன் வேட்டைக்குப் போட்ட ஆரஞ்சுச் சட்டையைக் கழட்டாமலே வந்து பந்தைப் பிடிச்சான். இப்ப அந்த ஃபுட்பாலுக்காக நாங்க ரோடியோவைச் சனிக்கிழமை மத்தியானம் வெக்கணும். வெள்ளிக்கிழமை ராத்திரி அவங்களுதாம். ரெண்டு மாசம் பொறுத்து கூடைப்பந்துக்குப் பந்து தட்ட ஆரம்பிச்சுடுவாங்க. மொதல்லயெல்லாம் இந்த ஊருக்கு நாலு பருவம் இருந்துச்சு. இப்பவும் நாலுதான்: சேறு, புகை, ஃபுட்பால், பனி. இதுல ரோடியோவுக்கு எடம் எங்க?

எழுந்திரு, கொடி வருது. தொப்பியை எடு... நெஞ்சுல வெச்சுக்கோ... இந்தப் பொண்ணு பாரு, கொடியைப் பிடிச்சுக்கிட்டு என்ன வேகத்துல சுத்தி வருது. குதிரையும் அவளும் ஒரே சிரிப்பு.

...நான் தேசிய கீதம் பாடலியேன்னு பாக்கறியா? வழக்கமா பாடுவேன். என் குரல் அந்தப் பக்கம் பார்க்கிங் வரைக்கும் கேக்கும், எல்லாரும் சொல்லுவாங்க. இன்னிக்குத் தொண்டை சரியில்ல. அதான் மெதுவாப் பேசறேன். உக்காரு, பழைய மாதிரியே சாஞ்சுக்கோ.

அந்தப் போட்டிச் சீட்டைக் காட்டு. இதுல பாரு, ஆறாவது பேரு. சேணமில்லாத சவாரி, கோல்ட்டர் ஹாக், குதிரை பேரு ப்ளாக் ஃப்ராஸ்ட். கறுப்பு உறைபனியாம். போஸ்டர்ல போடறதுக்கு ஆர்விட் வெச்ச பேரு அது. ஆர்விட் யாருன்னா என் கொழுந்தன், வீட்டுக்காரரோட தம்பி. குதிக்கற குதிரைங்களா வளத்து, லாரியில ஏத்திக்கிட்டு ஊர் ஊரா ரோடியோவுக்கு விடறதுதான் அவருக்குப் பொழப்பு. குதிரை எவ்வளவுக்கெவ்வளவு முரண்டு பிடிக்குதோ அவ்வளவுக்கவ்வளவு அவருக்குச் சந்தோசம். வீட்டுல அவர் பொண்டாட்டிகிட்டயும் அதே குணத்தை எதிர்பாத்தாரு, கெடைச்சுது, பாவம்.

அந்தக் குதிரையோட நெசப் பேரு மேபல். நான் வெச்சது. கறுப்புப் பொட்டக் குதிரை, நெத்தியில கோணலா ஒரு வெள்ளை. மேபலுக்கு இன்னிக்குப் பரீட்சை, அதான் எனக்குக் காலையிலேர்ந்து ஒண்ணும் எறங்கல. எண்ணெயில பொரிச்ச ஃப்ரை பிரெட்டு ஒண்ணு மட்டும் தின்னேன். ரெண்டு. இந்த சீசன்ல மூணு தடவை பாதியில நின்னுடுச்சு மேபல். மத்த ஊர்ல எல்லாம் பிசாசு மாதிரி குதிக்குது. தெற்க வயோமிங்ல ரெண்டு வாரம் முன்னாடி ஒருத்தனை வேலிக்கு அந்தாண்ட போட்டுச்சாம். இந்தச் சுத்து வட்டாரத்துக்கு வந்தா மட்டும் ரெண்டு குதி, மூணாவதுல கோயில் தூண் மாதிரி நிக்குது. ஆர்விட் மானம் போகுது. "இன்னிக்கும் நின்னுச்சுன்னா திங்கக்கிழமை ஏலத்துல தள்ளிடுவேன், பனிக்காலம் பூரா சும்மா தீனி போட என்னால ஆகாது"ன்னுட்டாரு. இலையுதிர் காலத்து ஏலத்துல குதிரையை யாரு வாங்கறா தெரியுமா? சவாரி பண்றவன் வாங்கறதில்லம்மா. எடை போட்டுத்தான் வாங்குவான். வடக்க எல்லையைத் தாண்டி லாரி போகும். மேல நான் சொல்ல மாட்டேன், நீ இப்பத்தான் சாப்ட்ட.

அதனால மேபல் இன்னிக்குக் குதிக்கணும்.

ஏன் நிக்குதுன்னு கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஆர்விட் வாரை மாத்திப் பாத்தாரு. இடுப்புல கட்டுவாங்க பாரு, கம்பளி வெச்சுத் தெச்ச வார், அது புதுசாம், ஒத்துக்கலையாம். நானும் ஆமாம் ஆமாம்னேன். அப்புறம் பாட்டு. இப்பல்லாம் குதிரை நிக்கற அடைப்பைத் திறந்த உடனே ஸ்பீக்கர்ல டமார் டமார்னு ஒரு பாட்டைப் போடறாங்க. குதிரைக்குத் தலை வலிக்காதா? எனக்கே வலிக்குது. அப்புறம் இந்தப் பசங்க. கழுத்துக்குத் தலையணை, நெஞ்சுக்குக் கவசம், வாய்க்கு ரப்பர். மேல ஏறி உக்காந்தா குதிரைக்கு, ஏதோ மெத்தைக் கடையைத் தூக்கிட்டுப் போற மாதிரி இருக்குமோ என்னவோ. அப்புறம் இந்தப் பாழாப் போன பருவம். மே மாசம் பனி கொட்டுது, ஆகஸ்ட்ல புகை, குதிரைக்கு எப்ப எந்த முடியை உதிர்க்கறதுன்னே புரியல. இதையெல்லாம் நான் ஆர்விட்கிட்ட விலாவாரியாச் சொன்னேன். "அண்ணி, நீங்க சொல்றதும் நியாயம்தான்"ன்னாரு. நல்ல மனுசன். கொஞ்சம் மக்கு.

முன்னால சாய்ம்மா. அசையாதேன்னேன்ல.

சரி, சொல்லிடறேன். வெயில் இல்ல. அங்க அடைப்புக்கிட்ட, கதவுக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாரு பாரு, தொப்பை, வெள்ளை மீசை... இடது கைப்பக்கம்... அவர்தான் லைல், என் வீட்டுக்காரர். அவர் கண்ணுல நான் படக் கூடாது. நான் இன்னிக்கு வீட்டுல இருக்கறதா அவருக்கு நெனப்பு. "ஐடெல்லா, உனக்குப் புண்ணியமாப் போகட்டும், இன்னிக்கு வராதே"ன்னு காலையில சொல்லிட்டுத்தான் போனாரு. நாப்பது வருசமா எங்கயும் வராதேன்னு சொல்லாத மனுசன். அவர் எதுவுமே சொல்ல மாட்டாருன்னு வெச்சுக்கோ. வாயைத் திறந்தா கொட்டாவிதான் வரும். அந்த வாயால இவ்வளவு நீளமா ஒண்ணு சொன்னாரேன்னு எனக்கே ஆச்சரியம்.

மேல போய்ப் பின்னால உக்காந்தா தெரியாதுதான். முட்டி வலிம்மா, படியேற முடியாது. அதான் வேலியோரமா இங்க.

எதுக்கு வராதேன்னாரு... அது பெரிய கதை. பெரிய கதையெல்லாம் இல்ல, பனிக்காலத்துக் கதை. நீ இன்னும் இந்த ஊர்ப் பனிக்காலம் பாக்கலியே. ரோடியோ முடிஞ்சதும் ஆர்விட் குதிரைங்க எல்லாம் எங்க ஆத்தோரப் புல்வெளிக்கு வந்துடும், வசந்தம் வரைக்கும் ஓய்வு. லைல் நவம்பர்ல கிளம்பிடுவாரு. எங்கன்னா அரிசோனாவுக்கு. வேன்ல படுக்கை, பின்னால டிரெய்லர்ல குதிரை. இங்கேர்ந்து ஒரு கிழவர் கூட்டமே போகும். அங்க வெயில்ல நாள் பூரா கன்னுக்குட்டிக்குக் கயிறு வீசிட்டு, ஏப்ரல்ல கறுத்துப் போய் வருவாங்க. என்னையும் கூப்பிடுவாரு. நான் அங்க போய் என்ன பண்ண? கிழவனுங்க கயித்தைத் தவற விடறதைப் பாத்துக் கை தட்டவா? மாட்டுக்கு யாரு தீனி வெக்கறது? எனக்கு என் வீடுதான் சரி.

ஆனா பேசணும்ல. நீயே சொல்லு, மனுசின்னா பேசணும்ல? ரோட்டைப் பனி மூடிடும். ஃபோன்ல லைலுக்குப் பேசினா "ம்" "ம்"னுவாரு, அதுவும் அந்தக் கூட்டத்துல எவனாவது கூப்பிட்டா வெச்சுடுவாரு. டிவியில எல்லாரும் அவங்க பேச்சையேதான் பேசறாங்க. போன டிசம்பர்ல மேபல் முள்வேலியில மாட்டி முன்னங்காலைக் கிழிச்சுக்குச்சு. ஆர்விட் கொண்டாந்து எங்க கொட்டகையில கட்டினாரு, புண்ணு ஆறட்டும்னு. காலையில கழுவணும், மருந்து போடணும், சாயங்காலம் கட்டு மாத்தணும். கிட்ட போனா உதைச்சுக் கொன்னுடும் அப்ப. கொஞ்சம் தள்ளி ஒரு வாளியைக் கவுத்துப் போட்டு உக்காந்து பேச்சுக் குடுத்தேன். குரல் பழகட்டும்னுதான். கால் ஆறிடுச்சு. பேச்சு ஆறல. ஜனவரி பூரா, பிப்ரவரி பூரா, ஒரு ஃபிளாஸ்க் காபியை எடுத்துக்கிட்டுப் போய் உக்காந்துடுவேன். எங்க அம்மா என் தங்கச்சிக்கு மட்டும் பீங்கான் தட்டெல்லாம் குடுத்தது, கூடைப்பந்து ரெஃபரி எங்க பொண்ணுங்களை ஏமாத்தினது, லைல் கல்யாணத்தன்னிக்குத் தூங்கிப் போனது, எல்லாம் சொன்னேன். காதை ரெண்டையும் இந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு நிப்பா. ஒரு நாள் வந்து தோள்ல தலையைப் போட்டுட்டா. அவ்வளவு கனம் கண்ணு குதிரைத் தலை. நான் அப்படியே இருந்தேன், கால் மரத்துப் போற வரைக்கும்.

மே மாசம் பக்கத்து ஊர்ல நடந்த மொத ரோடியோவுல நான் வேலியோரமா நின்னுக்கிட்டு, ஊக்கம் குடுக்கலாமேன்னு, "மேபல், நல்லா குதிடி"ன்னேன். குதிச்சுக்கிட்டிருந்தது பட்டுன்னு நின்னு, என்னைத் தேடிக்கிட்டு வந்துடுச்சு. அப்புறம் ரெண்டு ரோடியோ. ரெண்டுலயும் நான் இருந்தேன். ரெண்டுலயும் நான் ஏதோ... பெருசா ஒண்ணும் சொல்லல, பக்கத்துல இருந்தவங்ககிட்டப் பேசிக்கிட்டிருந்தேன். லைல் கண்டுபிடிச்சுட்டாரு. பேசாத ஆளுங்க எல்லாத்தையும் பாத்துடுவாங்க, அதுதான் அவங்ககிட்ட இருக்கற கெட்ட பழக்கம். தம்பிகிட்டச் சொல்லல, அது வரைக்கும் நல்லது.

நீ கேக்கறது நியாயம். வீட்டுல இருந்திருக்கலாம். இருக்க முடியலம்மா. அவளுக்கு இன்னிக்கு என்ன ஆகுதுன்னு தெரியாம பாத்திரம் கழுவிக்கிட்டு எப்படி இருக்கறது? வாயைத் திறக்கவே மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டுத்தான் வந்திருக்கேன். எட்டு செகண்டு. ஒரு சவாரிக்கு வெறும் எட்டு செகண்டுதான். பிரசங்கத்துல ஒரு மணி நேரம் சும்மா இருக்கறவ, இதுக்கு மாட்டேனா?

அதோ, ஏத்தறாங்க. ஆறாம் அடைப்பு. நெத்தி வெள்ளை தெரியுதா? கம்பிச் சந்துல பாரு. கோல்ட்டர் மேல எறங்கறான். நல்ல பையன், உன் வீட்டுக்காரருக்கு முன்னாடி இருந்த கோச்சுக்கிட்ட ஃபுட்பால் ஆடினவன்தான், அங்க உருப்படாம இங்க உருப்பட்டான். கையை அந்தத் தோல் பிடியில திணிக்கறான் பாரு. மாநில இறுதிப் போட்டிக்குப் போக அவனுக்கு இன்னிக்கு ஒரு நல்ல குதிரை வேணும். அவளும் குதிச்சா அவனுக்கும் நல்லது, ஆர்விட்டுக்கும் நல்லது. எல்லாருக்கும் நல்லது. குதிச்சா ஆர்விட் இந்த வருசம் அவளை மட்டும் இங்கேர்ந்து தெற்க கூட்டிட்டுப் போயிடுவாரு, டெக்சாஸ் பக்கம் பனிக்கால ரோடியோ இருக்காம். அங்க பனியே கிடையாது. அவளுக்கு நல்லதுதான்.

இந்தா, என் கையைப் பிடி. நான் இந்த ஸ்கார்ஃபை வாயில அடைச்சுக்கறேன். மீறி நான் வாயைத் திறந்தா நறுக்குன்னு கிள்ளு. தோல் உரிஞ்சாலும் பரவால்ல. கோல்ட்டர் கதவைத் திறக்கச் சொல்லித் தலையை ஆட்டிட்டான். லைல் கயித்தை இழுக்கறாரு...

...

...

கிள்ளலியே நீ. ஏம்மா கிள்ளல? கிள்ளத்தானே சொன்னேன்? கையைக் குடுத்துட்டு பே-ன்னு பாத்துக்கிட்டிருந்தா என்ன அர்த்தம்?

எப்படிக் குதிச்சா பாத்தியா ஆனா. மொத குதியில நாலு காலும் தரையில இல்ல. கோல்ட்டர் தொப்பி எங்கயோ போச்சு. அந்த முதுகு வளைஞ்ச வளைவு... நான் மூச்சுக்கூட விடல, நீதான் பாத்தியே. ஆனா வேலியோரமா வந்துட்டாளே. இவ்வளவு கிட்டத்துல. அந்த முன்னங்கால்ல தழும்பு தெரியுது எனக்கு, நான் கட்டுப் போட்ட கால். "மெதுவாடி"ன்னேன். அவ்வளவுதான். ஸ்கார்ஃபுக்குள்ளதான் சொன்னேன். உனக்கே கேட்டிருக்காது.

அவளுக்குக் கேட்டுடுச்சு.

இந்தா, போடி. போ. கம்பிக்குள்ள மூஞ்சியை விடாதே, எல்லாரும் பாக்கறாங்க. ஐயோ, மேல அந்தப் பையன் முழிக்கறதைப் பாரு. இறங்கு கண்ணு கோல்ட்டர், இறங்கு, ஒண்ணும் பண்ண மாட்டா. உனக்கு ஒரு நஷ்டமும் இல்ல. ஜட்ஜு கையைத் தூக்கிட்டாரு பாரு, குதிரை மேல தப்புன்னா வேற குதிரை குடுக்கணும், அது சட்டம். அந்தச் சாம்பல் குதிரையைக் கேளு. அது யார் பேச்சையும் கேக்காது.

மரீசா, இங்க பாரு. நான் ஒண்ணும் சொல்லலதானே? நீதான் சாட்சி. யாராவது கேட்டா, ஐடெல்லா வாயைத் திறக்கவே இல்லைன்னு சொல்லணும். ...சிரிக்காதே. சாட்சிக்கு வந்தவங்க சிரிக்கக் கூடாது.

லைல் பாத்துட்டாரு. கதவைப் பிடிச்சுக்கிட்டு இங்கயேதான் பாக்கறாரு. தலையை ஆட்டறாரு. ஆட்டட்டும், ரெண்டு மாசத்துல அவர் வெயிலுக்குப் போயிடுவாரு.

கேக்காம இருப்பேனா? கேட்டேன். மே மாசமே வெக்கத்தை விட்டு ஆர்விட்கிட்டக் கேட்டேன், "மேபலை எனக்குக் குடுத்துடு"ன்னு. "அண்ணி, இந்த மாநிலத்துலயே நல்லாக் குதிக்கற குதிரை, அதை உங்களுக்குப் பேச்சுத் துணைக்கா குடுப்பாங்க?"ன்னு விழுந்து விழுந்து சிரிச்சாரு. நானும் கூடச் சேந்து சிரிச்சேன். வீட்டுக்கு வந்து அழுதேன். எனக்கு அவ வேணும் மரீசா. வேற காரணம் ஒண்ணும் இல்ல. இன்னொரு பனிக்காலம் அந்தக் கொட்டகையில அவ இல்லாம என்னால ஆகாது. குதிக்கற குதிரையைக் குடுக்க மாட்டாரு. சரி, குதிக்காத குதிரையைக் குடுக்கலாம்ல?

அதோ வர்றாரு ஆர்விட். தொப்பியைக் கையில கசக்கிக்கிட்டு வர்றாருன்னா கோவம்னு அர்த்தம். வரட்டும். ஏலத்துக்கு எதுக்கு லாரியில ஏத்தணும், இறக்கணும், வீண் அலைச்சல். இந்தப் பனிக்காலமும் அவர் குதிரைங்க அத்தனையும் என் புல்வெளியிலதானே நிக்கப் போகுது. அத்தனைக்கும் நான் இடம் குடுக்கறேன், எனக்கு ஒண்ணைக் குடுக்கட்டும். எதிர்த்துப் பேசினா நான் பேசுவேன். என்கூடப் பேசி ஜெயிச்சவங்க கிடையாது.

நீ கொஞ்சம் காலை மடக்கிக்கோ, நான் வெளிய போகணும். ...என்ன? இன்னிக்கே எப்படிக் கூட்டிட்டுப் போவேன்னு கேக்கறியா?

குதிரை டிரெய்லரை மாட்டிக்கிட்டுத்தாம்மா வந்தேன். காலையில லைல் கிளம்பின உடனே கழுவி, உள்ள புதுப் புல்லு பரப்பி வெச்சுட்டேன்.